சம ஆசனமும் கிராமத் தீர்மானமும்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் உள்ளூராட்சி, பாடசாலை நிருவாகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்து அரசியல் வரலாற்றை எழுதியோரிற் பெரும்பாலோர் கொழும்பிலிருந்தே தமது நோக்கைத் தொடங்கியுள்ளனர். 1833, 1910, 1920, 1931, 1947 என அரசியற் சீர்திருத்த ஆண்டுகள் வரிசைப்படுத்தப்படுகின்றன. ஆணைக்குழுக்களின் அறிக்கைகள் பகுத்தாராயப்படுகின்றன. சட்டசபையில் ஆற்றப்பட்ட பேருரைகள் மேற்கோள் காட்டப்படுகின்றன. இவை வேண்டாதவை என்பதன்று எமது கருத்து. ஆயினும் ஒரு கிணறு எவ்விடத்தில் வெட்டப்படுவது, ஓர் ஒழுங்கை எந்தப் படலை வரையிற் செப்பனிடப்படுவது, பாடசாலைக்கு வந்த பிள்ளை வாங்கில் இருப்பதா நிலத்தில் இருப்பதா என்பன போன்ற தீர்மானங்கள் கொழும்பில் எடுக்கப்பட்டவையல்ல. அவை கிராமத்திலே, கிராமத்தவராலே எடுக்கப்பட்டன. பெரும்பான்மையான மக்கள் தம் வாழ்நாளில் அரசு என்பதை நேரிற் சந்தித்தது இத்தகைய தீர்மானங்களின் வாயிலாகவே.

இக்கட்டுரையில் நாம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமங்களை எடுத்துக்கொண்டு, கிராமச்சங்கமும் பாடசாலை நிருவாகமும் எவர் கைகளில் இருந்தன, 1929 - 1930 ஆம் ஆண்டுகளில் எழுந்த சம ஆசனப் பிரச்சினையின்போது அவை எவ்வாறு செயற்பட்டன என்பதை நோக்குவோம். 'கிராமம் தன்னைத் தானே ஆளட்டும்' என்னும் கோரிக்கை இன்றும் முற்போக்கானதொரு கோரிக்கையாக முன்வைக்கப்படுகின்றமையால், இவ்வாய்வு பழைமை பாராட்டும் முயற்சியன்று என்பதையும் இங்கேயே கூறிவிடலாம்.

பிரித்தானிய ஆட்சியாளர் இலங்கையிற் கிராம சபைகளுக்குப் புத்துயிர் அளிக்க முற்பட்டது நீர்ப்பாசனத்தின் பொருட்டாகும். 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வயற்காரரின் பழைய வழமைகளுக்குச் சட்ட வலு அளித்தது. 1871 ஆம் ஆண்டிலே றொபின்சன் தேசாதிபதியின் காலத்தில் இயற்றப்பட்ட கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் ஒருபடி மேலே சென்று, கிராமக் குழுக்களையும் கிராம நியாய சபைகளையும் ஏற்படுத்தியது. அதே 1871 இலேதான் சேர் ஹென்றி மெயின் கீழைத்தேய, மேலைத்தேயக் கிராமச் சமுதாயங்களைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார் என்பது மனங்கொள்ளத்தக்கது. கீழைத்தேயக் கிராமம் தன்னிறைவு பெற்ற ஒரு சிறு குடியரசு என்னும் கருத்து அக்காலத்து ஆங்கிலேய நிருவாகிகளைப் பெரிதும் கவர்ந்திருந்தது. செலவு குறைந்த ஆட்சிமுறைக்கு இதனிலும் வாய்ப்பான தத்துவம் ஒன்று கிடைத்திருக்க முடியாது.

மெயினின் நூல் வெளிவருவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1853 இல், இந்தியா பற்றி நியூயோர்க் பத்திரிகையொன்றுக்கு எழுதிய கட்டுரைகளிற் கார்ல் மார்க்ஸ் இந்தக் கிராமச் சமுதாயங்களின் மறுபக்கத்தைச் சுட்டிக் காட்டியிருந்தார். பார்வைக்கு அமைதியாகத் தோன்றும் இச்சமுதாயங்கள் சாதிப் பாகுபாட்டையும் அடிமைத்தனத்தையும் தம்முள்ளே சுமந்துகொண்டிருந்தன என்பது அவரது கணிப்பு. மார்க்ஸின் அக்கட்டுரைகளில் உள்ள எல்லாவற்றையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. கீழைத்தேயச் சமுதாயத்தின் அசைவின்மை பற்றி அவர் அன்று கொண்டிருந்த எண்ணங்கள் பின்வந்த ஆய்வுகளினாற் பெரிதும் திருத்தப்பட்டுள்ளன. ஆயின் யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை மேற்படி கணிப்பிற் பிழை காண்பது அரிது.

ஏனெனில் 1871 ஆம் ஆண்டின் சட்டம் இங்கு வந்தபோது, இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டு இருபத்தேழு ஆண்டுகளே கழிந்திருந்தன. 1707 அளவில் ஒல்லாந்தராற் தொகுக்கப்பட்ட தேசவழமை, காணி, சீதனம், ஈடு என்பவற்றோடு அடிமைகளையும் சொத்துரிமையின் பாற்பட்ட ஒரு விடயமாகவே கொண்டிருந்தது. 1844 இல் அடிமைமுறை ஒழிந்தது. ஆனால் காணி கைமாறவில்லை. நேற்றைய அடிமை இன்று நயினாரின் காணியிற் குடியிருப்பவனாகவும், அவர் தோட்டத்திற் கூலியாகவும், அவரிடமே கடன்பட்டவனாகவும் ஆனான். புகையிலைத் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் பனையிற் சீவுவதற்கும் ஆட்கள் முன்போலவே கிடைத்தனர். இவ்வுற்பத்தி உறவுகளின் மீதே 'கிராமத்தவர்' தம்மைத் தாமே ஆளும் சபை ஒன்று நாட்டப்பட்டது. பகிரங்கமாக நடந்த தெரிவிலே, தான் குடியிருக்கும் காணியின் சொந்தக்காரருக்கு எதிராக எவன் கை உயர்த்தியிருப்பான்?

கிராமக் குழுவுக்கு மேலே மணியகாரர் இருந்தார். அவருக்குக் கீழே உடையாரும் விதானையாரும் இருந்தனர். குடாநாட்டிலே இப்பதவிகள் மேட்டுக்குடி வேளாளக் குடும்பங்களுக்குள்ளேயே பெரும்பாலும் சுழன்று வந்தன. கோயில் முகாமை, பிணக்குத் தீர்த்தல், காணி உறுதிக்குச் சாட்சி வைத்தல், வட்டிக்குக் கொடுத்தல் என்பனவும் அதே வீடுகளைச் சார்ந்தே நடைபெற்றன. அரசாங்கம் ஒரு பெயரால் அளித்த அதிகாரமும், வழமை வேறொரு பெயரால் அளித்த அதிகாரமும் ஒரே திண்ணையிற் கூடியிருந்தன எனலாம்.

கல்வித் துறையிலும் நிலைமை இதுவே. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், அரசாங்க அதிபரைத் தலைவராகக் கொண்ட மாவட்டப் பாடசாலைக் குழுக்களை அமைத்து, கட்டாய வரவு முதலிய கடமைகளை அவற்றிடம் ஒப்படைத்தது. தென்னிலங்கைக் கிராமங்களில் அரசாங்கப் பாடசாலைகளை நடத்தும் பொறுப்பு இக்குழுக்களுக்கு இருந்தமையால் அவை ஓரளவு முக்கியத்துவம் பெற்றன. யாழ்ப்பாணத்திலோ பாடசாலைகளிற் பெரும்பாலானவை மிசனரிமாராலும், பின்னர் சைவ நிறுவனங்களாலும் தனிப்பட்டவர்களாலும் நடத்தப்பட்ட உதவி நன்கொடைப் பாடசாலைகளாக இருந்தன. எனவே இங்கு தீர்மானம் எடுப்பவர் முகாமையாளரே. ஆசிரியரை நியமிப்பவர் அவர், நீக்குபவரும் அவர். பிள்ளையைச் சேர்ப்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். அவர் வெளியூர்ப் பாதிரியாராக இருந்தவிடத்தும், பாடசாலைக்குக் காணி கொடுத்தவரும், அதிற் படிப்பித்தவரும், அயலிற் செல்வாக்கு மிக்கவரும் உள்ளூர் மேட்டுக்குடியினராகவே இருந்தனர். மிசனரிமார் கடவுளின் முன் யாவரும் சமம் எனப் போதித்தது உண்மை. கிராமத்து வேளாளப் பிள்ளைகள் பாடசாலையை விட்டு நீங்கிவிடுவர் என்னும் அச்சம் அப்போதனையைப் பல இடங்களில் வகுப்பறை வாசலிலேயே நிறுத்திவிட்டது என்பதும் உண்மை. மறுபுறத்தில், 1848 இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் தொடக்கிவைத்த சைவக் கல்வி இயக்கம் அந்நிய மதத்தின் கல்வி ஏகபோகத்தை உடைத்தது. அது வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த பணியாகும். ஆயினும் அவ்வியக்கம் சாதி ஆசாரத்தின் எல்லையைத் தாண்டவில்லை. தாண்டவேண்டும் என அது கருதவுமில்லை.

இவ்விடத்தில் உதவி நன்கொடை முறையின் பொருளாதாரம் சிறிது விரிவாக நோக்கத்தக்கது. 1869 இற் பொதுப் போதனாத் திணைக்களம் அமைக்கப்பட்டதைத் தொடர்ந்து ஏற்பட்ட இம்முறையிலே, பாடசாலைக்குக் கிடைக்கும் பணம் முதலிற் பரீட்சைப் பெறுபேற்றோடும், காலப்போக்கில் மாணவர் வரவோடும் பிணைக்கப்பட்டிருந்தது. வரவு இடாப்பிற் பெயர்கள் கூடக்கூட நன்கொடையும் ஆசிரியர் தொகையும் உறுதிப்படும். ஆகவே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளையின் பெயர் முகாமையாளருக்கு வேண்டியதாயிருந்தது. அப்பிள்ளை வேளாளப் பிள்ளையோடு ஒரே வாங்கில் இருப்பது வேண்டாததாயிருந்தது. இந்த முரண்பாட்டுக்குக் கண்ட தீர்வே நிலத்தில் இருத்துதல். பிள்ளை பாடசாலைக்கு உள்ளே இருந்தது, கணக்கில் இருந்தது, ஆனால் மண்ணில் அல்லது சாக்கில், சுவரோரத்தில், சிலவிடங்களிற் கொட்டிலுக்கு வெளியே இருந்தது. வரவு இடாப்பு பிள்ளை வந்ததா இல்லையா என்பதை மட்டுமே கூறும். எங்கே இருந்தது என்பதைக் கூறுவதற்கு அதிற் பத்தி இல்லை. பழைய நிருவாக அறிக்கைகளிலே கல்வி வளர்ச்சியின் புள்ளிவிவரங்களைக் கண்டு வியப்போர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

காலனித்துவ அரசாங்கம் இதனை அறியாதிருந்தது எனக் கூறுவதற்கில்லை. அறிந்தும் பல தசாப்தங்களாக 'உள்ளூர் வழமை' எனக் கூறி ஒதுங்கியிருந்தது. 1920 களிலே நிலைமை மாறத் தொடங்கியதற்கு வேறு காரணங்கள் உள. ஒடுக்கப்பட்ட மக்கள் மத்தியிலிருந்தே கல்வி கற்ற சிலர் தோன்றிச் சங்கங்களை அமைத்தனர். 1927 இல் உருவான ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கம் இவற்றுட் குறிப்பிடத்தக்கது. வடமராட்சியிலே சூரன் என்னும் பெரியார் இதற்கும் முன்னரே தம் சமூகத்துப் பிள்ளைகளுக்கெனச் சைவப் பாடசாலையொன்றை அமைக்கும் முயற்சியில் ஈடுபட்டு வெற்றி கண்டார். தேவரையாளி என்னும் பெயர் இன்றும் அம்முயற்சியை நினைவூட்டுகிறது. 1924 இல் தோன்றிய மாணவர் காங்கிரசு, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு என அறியப்பட்டது, தீண்டாமைக்கு எதிராக வெளிப்படையாகக் குரல் எழுப்பியது. 1927 இல் அவ்வமைப்பின் அழைப்பை ஏற்றுக் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தமை அக்குரலுக்கு வலுவூட்டியது.

இச்சூழ்நிலையிலேதான் 1929 இல் கல்வித் திணைக்களம் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கப்படவேண்டும் எனப் பணித்தது. 1930 இல் அப்பணிப்பு நடைமுறைக்கு வந்தபோது குடாநாடு கொந்தளித்தது. மனுக்கள் எழுதப்பட்டன, எதிர்மனுக்களும் எழுதப்பட்டன. சிலவிடங்களிற் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பாடசாலைக்குப் போகாது மறித்தனர். வேறு சிலவிடங்களிற் சம ஆசனத்தை ஏற்ற பாடசாலைகள் தீயிட்டுக் கொளுத்தப்பட்டன. கல்வியிற் சிறந்த யாழ்ப்பாணம் எனத் தம்மைத் தாமே பாராட்டிக்கொண்ட ஒரு சமூகம், ஓர் ஏழைப் பிள்ளை வாங்கில் ஏறியதற்காகப் பள்ளிக்கூடத்தையே எரிக்கத் துணிந்தது என்பதை எமது பண்பாட்டு வரலாற்றாசிரியர்கள் ஓர் அடிக்குறிப்பாகவே கடந்து செல்வர்.

இக்கொந்தளிப்பைச் 'சாதி வெறி' என ஒரே சொல்லில் முடித்துவிடுவது வரலாற்று ஆய்வாகாது. அவ்வாண்டுகளின் அரசியலோடு இதனை இணைத்து நோக்கவேண்டும். 1928 இல் வெளியான டொனமூர் அறிக்கை சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் முதலிய தலைவர்கள் அதனை முழுமூச்சாக எதிர்த்தனர். நிலத்தில் இருத்தப்பட்டவனின் கையில் வாக்கு வரப்போகிறது என்னும் அச்சமும், அவன் பிள்ளை வாங்கில் ஏறப்போகிறது என்னும் அச்சமும் ஒரே காலத்தில், ஒரே வர்க்கத்தினரிடம் எழுந்தவை. வாங்கு இங்கு வெறும் தளபாடமன்று. எழுத்தறிந்தவன் கடன் நறுக்கை வாசிப்பான், கூலியைக் கணக்கிடுவான், தன் பிள்ளையை நயினாரின் தோட்டத்துக்கு அனுப்ப மறுப்பான். ஆசாரம் என்னும் மொழியிற் பேசப்பட்டது, உழைப்பின் மீதான உரிமையேயாகும்.

வாலிபர் காங்கிரசின் பங்கு பற்றி நாம் இருவிதமாகக் கூறவேண்டியுள்ளது. சம ஆசனத்தை அது ஆதரித்தது. ஹன்டி பேரின்பநாயகம் முதலிய அதன் முன்னோடிகள் சொல்லளவில் நின்றவர்களல்லர். அக்காலத்து மேட்டுக்குடி இளைஞர் தம் சொந்த வீடுகளின் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டு சமபந்தியில் அமர்ந்தமை எளிதிற் செய்யக்கூடியதன்று. ஆயின் 1931 இல், டொனமூர் யாப்பு பூரண சுயராச்சியத்தை அளிக்கவில்லை என்னும் காரணத்தால், அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அவ்வமைப்பே அறைகூவியது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் வேட்பாளர் எவரும் முன்வரவில்லை. 1934 வரை அவ்வாசனங்கள் வெறுமையாகவே கிடந்தன. ஏகாதிபத்திய எதிர்ப்பு என்ற வகையில் இப்பகிஷ்கரிப்பு உயர்ந்த நோக்குடையது. ஆனால் வரலாற்றில் முதன்முறையாக வாக்குரிமை பெற்ற ஒடுக்கப்பட்ட மக்கள் அவ்வாக்கை அளிப்பதற்கு மேலும் மூன்றாண்டுகள் காத்திருக்கவேண்டியதாயிற்று. சம ஆசனப் பிரச்சினையின் சூடு ஆறாத வேளையில் இவ்வாறு நேர்ந்தது. பகிஷ்கரிப்பைத் தீர்மானித்தோர் இம்மக்களிடம் கேட்டுத் தீர்மானிக்கவில்லை. வாலிபர் காங்கிரசை நமது முற்போக்கு மரபின் தொடக்கமாகக் கொண்டாடும் நாம், இவ்வினாவை இதுவரை போதிய அளவில் எழுப்பவில்லை என்றே கருதுகிறோம்.

பணிப்பு வந்தது, அதன்பின் யாது நிகழ்ந்தது? அதனை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு அதே முகாமையாளரிடமே விடப்பட்டது. பரிசோதகர் வரும் நாட்கள் ஆண்டில் மிகச் சில. ஏனைய நாட்களில் வகுப்பறைக்குச் சாட்சி ஆசிரியர் ஒருவரே. ஆசிரியரின் மனம் சட்டத்தால் மாற்றப்படவில்லை என்பதற்கு டொமினிக் ஜீவாவின் தன்வரலாற்று நூலான 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' ஒரு சான்று. 1927 இற் பிறந்த ஜீவா பாடசாலைக்குச் சென்றது சம ஆசனப் பணிப்புக்குப் பின்னரேயாகும். ஆயினும் வகுப்பறையில் ஆசிரியரொருவர் சாதியைக் குறித்துச் சொன்ன இழிசொல் அவரது பாடசாலைக் கல்விக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதுவும் கிராமத்திலன்று; யாழ்ப்பாணப் பட்டினத்தில். ஈழத்து முற்போக்கு இலக்கியத்தின் வலுமிக்க குரல்களுட் சில பாடசாலையை விட்டு வெளியே வந்தவர்களின் குரல்களாக இருந்தமை தற்செயலானதன்று.

கிராமச்சங்கங்களின் பக்கம் மீண்டும் திரும்புவோம். 1938 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவற்றின் மீதிருந்த தலைமைக்காரரின் உத்தியோகபூர்வ ஆதிக்கத்தை நீக்கி, தலைவரைத் தெரிவு செய்யும் உரிமையை அளித்தது. 1946 ஆம் ஆண்டின் உள்ளூரதிகார சபைத் தேர்தற் கட்டளைச் சட்டம் வட்டார முறையிலான தேர்தலை ஒழுங்குபடுத்தியது. சட்டத்தின் நோக்கில் இவை பெரும் சனநாயக முன்னேற்றங்கள். நடைமுறையிலோ, மணியகாரரின் ஆசனத்தில் அவரது மைத்துனரோ மருமகனோ அமர்ந்தார். வேறுபாடு, இம்முறை அவர் தெரிவு செய்யப்பட்டவர் என்பதே. ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகள் கிராமத்தின் ஓரங்களிலே சிறு சிறு கூட்டங்களாகச் சிதறிக் கிடந்தமையால், வட்டார எல்லை எங்கே விழுகின்றது என்பதே அவர்களின் பிரதிநிதித்துவத்தைத் தீர்மானிக்கப் போதுமானதாயிருந்தது. ஒரு குடியிருப்பை இரண்டு வட்டாரங்களாகப் பிரித்துவிட்டால் இரண்டிலும் அது சிறுபான்மை.

பொதுக்கிணறு பற்றிய தீர்மானங்களில் இதன் விளைவை மிகத் தெளிவாகக் காணலாம். ஆறு எதுவுமற்ற குடாநாட்டிலே சுண்ணக்கற் பாறைக்குள் ஊறும் நிலத்தடி நீரே உயிர். காணியற்றவனுக்குக் கிணறும் இல்லை. பிறர் கிணற்றடியிற் குடத்தோடு காத்து நின்று, யாரேனும் அள்ளி வார்க்கும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். கிராமச்சங்கம் வரிப்பணத்திற் கிணறு வெட்டும்போது அதனை எவருடைய ஒழுங்கையில் வெட்டுவது என்பது பொறியியற் பிரச்சினையன்று. கே. டானியலின் 'பஞ்சமர்', 'தண்ணீர்' ஆகிய நாவல்களைப் பிரசார எழுத்து என ஒதுக்கிய விமர்சகர்கள் உளர். அவற்றின் கலைக்குறைபாடுகள் பற்றி நாமும் கூறுவதற்கு உண்டு. ஆயின் கிராமத்து அதிகாரம் கிணற்றடியிலும் சுடலையிலும் தேநீர்க்கடையிலும் எவ்வாறு இயங்கிற்று என்பதை அறிய விழையும் வரலாற்று மாணவன், கிராமச்சங்கக் கூட்ட அறிக்கைகளைக் காட்டிலும் டானியலிடம் கற்பதற்கு அதிகம் உண்டு.

1940 களின் தொடக்கத்தில் உருவான வட இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை, சோல்பரி ஆணைக்குழுவின் முன் தனித்துச் சாட்சியமளித்தமை பலரது சினத்துக்கு ஆளாயிற்று. தமிழரின் ஒற்றுமையைக் குலைத்தனர் எனப் பழிக்கப்பட்டனர். ஒற்றுமை என்பது எவருடைய கிணற்றடியில் தொடங்கவேண்டும் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பாடசாலையும் கிணறும் கோயிலும் கடையும் அதன் எல்லைக்குள் வந்தன. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றபோது முகாமையாளர் என்னும் பாத்திரமே மேடையிலிருந்து அகன்றது. இடதுசாரி இயக்கம் இப்பொறுப்பேற்றலை ஆதரித்தமைக்கு மதச்சார்பின்மை மட்டுமே காரணமன்று. வடக்கிலே அது நிலவுடைமையின் ஒரு காவலரணைத் தகர்ப்பதாகவும் அமைந்தது. எனினும் 1957 ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டிலிருந்து இறங்குவதற்கு 1966 ஒக்ரோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திற் புறப்பட்ட ஊர்வலமும், 1968 இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காக நடந்த போராட்டமும் தேவைப்பட்டன.

இவ்வரலாற்றிலிருந்து சிலர் எளிதானதொரு முடிவுக்கு வருவர்: கிராமம் பிற்போக்கானது, மத்திய அரசே முற்போக்கானது என்பர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. பாடசாலைகளைப் பொறுப்பேற்ற அதே அரசு 1956 இல் தனிச்சிங்களச் சட்டத்தை இயற்றிய அரசின் தொடர்ச்சியுமாகும். வாங்கில் இடம் பெற்ற பிள்ளை தன் மொழியில் அரசோடு பேசும் உரிமையை இழந்தது. ஆகவே அதிகாரப் பரவலாக்கலுக்கான தமிழ் மக்களின் கோரிக்கை நியாயமானது. ஆயினும் அதிகாரம் பரவும்போது எவர் முற்றத்தில் வந்து தங்குகின்றது என்னும் கேள்வியை அக்கோரிக்கையை முன்வைப்போர் தவிர்த்தே வந்துள்ளனர். கிராமசபைகளும் பட்டினசபைகளும் 1981 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்கு இடம்விட்டன. 1987 இல் மாகாணசபை முறையும் பிரதேச சபைச் சட்டமும் வந்தன. 2018 ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலிலே பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தமை வரவேற்கத்தக்கது. சாதி பற்றியோ சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. குடிசன மதிப்பீடும் அதனைக் கணக்கெடுப்பதில்லை. வரவு இடாப்பில் இல்லாத அப்பத்தி இன்றும் இல்லாமலே இருக்கின்றது.

இத்துறையில் விரிவான ஆய்வுக்கு வேண்டிய சான்றுகள் நூலகங்களில் மட்டும் இருப்பவையல்ல. 1889 முதல் வெளிவந்த 'இந்து சாதனம்', 1930 யூனிலே தொடங்கிய 'ஈழகேசரி' ஆகியவற்றின் அக்காலத்து இதழ்கள் ஒன்றோடொன்று ஒப்பிட்டு வாசிக்கப்படவேண்டும். 1981 இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடும், பின்வந்த போரின் இடப்பெயர்வுகளோடும் அழிந்தவை போக, கிராமப் பாடசாலைகளிற் சிலவற்றின் சம்பவத்திரட்டுப் புத்தகங்கள் இன்னும் அலுமாரிகளில் இருக்கக்கூடும். அதிபரின் கையெழுத்தில் மழை, விடுமுறை, பரிசோதகர் வருகை என்பவற்றோடு, குறித்த ஒரு நாளில் மாணவர் வரவு திடீரெனக் குறைந்தமையும் அவற்றிற் பதிவாகியிருக்கலாம். 1930 ஆம் ஆண்டின் பக்கங்களிலிருந்து எமது மாணவர் தொடங்கலாம்.